முன்வரிசையில் ஒரு குதிரைக்கான இடம்

புதிய கர்னல் பல்தாசர் ஃபான் ரிட்லோ, பிரஷ்ய மாகாணமான சிலேசியாவின் அந்தப் பழைய குதிரைப்படை முகாமுக்கு வந்து சேர்ந்தபோது மைதானம் முழுக்கப் பனிமூட்டம். இளம் லெப்டினன்டாக அவர் வாள் பிடித்ததும் இதே படையில்தான். இன்று அதற்கு அவரே தலைவர். மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

வரிசையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. முழங்காலோடு முழங்கால் உரச நிற்பதுதான் பிரஷ்யக் குதிரைப்படையின் கௌரவம். முன்வரிசையின் நடுவிலோ, சரியாக ஒரு குதிரை நிற்குமளவு இடைவெளி.

"யோவ் கூன்ஸ், அது என்னய்யா நடுவுல, பொக்கை வாய் மாதிரி?"

கிழட்டு சார்ஜென்ட் கூன்ஸ் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். "நெருக்கிப் பார்த்தாச்சுங்கய்யா. ரெண்டு பக்கக் குதிரையும் ஒட்ட மாட்டேங்குதுங்க. ரத்தம் வர்ற அளவுக்குக் பூட்ஸ் குதிமுள்ளால குத்தியும் பார்த்துட்டோம்."

"எப்போலேருந்து?"

"நீங்க வர்றதா உத்தரவு வந்த அன்னிலேருந்துங்க."

கர்னலுக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் ராஜா பார்வையிட வருகிறார். ஓட்டையைக் கண்டால் அந்த இடத்திலேயே படையைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிடுவார். இத்தனை வருட உழைப்பு மண்ணாகப் போய்விடும்.

உழைப்பு என்று அவர்தான் சொல்லிக்கொள்வார். அவர் லெப்டினன்டாக இருந்தபோது, ஒரு போரில், இதே படையின் கேப்டன் வெல்ட்டன் குதிரையிலிருந்து விழுந்து சதுப்பில் சிக்கினான். "பின்னால ஏத்திக்கோடா, பல்தாசர்" என்று கை நீட்டினான். ரிட்லோ அவனைப் பார்த்துக்கொண்டே, படையைத் திரும்ப அழைக்கும் எக்காளத்தை ஊதச் சொன்னார். எக்காளம் கேட்டால் ஆளில்லாத குதிரையும் ஓடிவந்து வரிசையில் நிற்கும், பழக்கம் அப்படி. வெல்ட்டனின் குதிரையும் வந்து முன்வரிசையின் நடுவில் நுழைந்து நின்றது. சேணம் காலி. மேலிடம் காலியானால் அடுத்தவருக்குப் பதவி. மறுநாளே ரிட்லோ கேப்டன்.

"தள்ளுங்கடா. நானே நிக்கிறேன்."

கர்னல் தன் குதிரையை இடைவெளிக்குள் செலுத்தினார். அது நடுங்கியது. இருபுறமும் முழங்கால்கள் உரசின. ஓட்டை அடைபட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

சேற்றின் அழுகல் வாடை எழுந்தது.

குதிரையின் முதுகு இன்னொரு பாரத்தில் தாழ்ந்தது.

ஈரமான இரண்டு கைகள் பின்னாலிருந்து அவர் இடுப்பை வளைத்தன.

"இப்பவாச்சும் ஏத்திக்கிட்டியேடா."

குதிரை வெறிபிடித்துப் பனிக்குள் பாய்ந்தது. கர்னலின் அலறல் தேய்ந்து, பாதியில் நின்றது.

கூன்ஸ் எக்காளக்காரனிடம் ஓடினான். திரும்ப அழைக்கும் எக்காளத்தை ஊதச் சொன்னான். வேறென்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

குதிரை மட்டும் வந்தது. வயிறுவரை கருஞ்சேறு. அந்த வட்டாரத்தில் சதுப்பு என்று எதுவுமே கிடையாது.

அதை லாயத்துக்கு அனுப்பிவிட்டு, "ராஜா வர்ற நேரம்டா, நெருங்கி நில்லுங்க!" என்று உடைந்த குரலில் கத்தினான்.

குதிரைகள் தாமாகவே நகர்ந்தன. ஆனால் நெருங்கவில்லை, விலகின. இப்போது நடுவில் இரண்டு குதிரைகளுக்கு இடம் இருந்தது.