குரல் மட்டும் ஓயவில்லை!

காதில் தங்கை பேசிக்கொண்டிருந்தாள்.

கண்ணெதிரே, கண்ணாடி அறைக்குள், தங்கை மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தாள்!

பாலிசி மேடம் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தாள். மறுபடி மாட்டினாள்.

அதே குரல். அதே லேசான மூக்கடைப்பு...

நாடு நாடாகப் போய், சட்டம் போடுகிறவர்களிடம் தன் கம்பெனிக்காக வாதாடுவது பாலிசி மேடத்தின் உத்தியோகம். இந்தச் சர்வதேச மாநாட்டில் அவள் தங்கைக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. இன்று வோட்டெடுப்பு. மனிதக் குரலை மிஷின் நகலெடுப்பது பற்றிய சட்டம்.

அந்த மிஷினை விற்பதே மேடத்தின் கம்பெனிதான்!

மேடையில் தலைவர் சட்டத்தை வாசித்தார். ‘உரியவரின் அனுமதி தேவை’ என்றது மேடத்தின் கையிலிருந்த தாள்.

‘அனுமதி தேவையில்லை’ என்றது தங்கையின் குரல்.

"ஐயோ..!"

மேடத்தின் அலறலில் வோட்டெடுப்பு நின்றது. கதவை உடைத்தார்கள். டாக்டர் நாடி பார்த்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது, போனது.

குரல் மட்டும் நிற்கவில்லை. எங்கிருந்து வருகிறதென்று டெக்னீஷியனுக்கே பிடிபடவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"யார் மேலயாவது சந்தேகம்?"

"எங்க முதலாளி மேல. இப்படி அச்சு அசலாப் பேசற மிஷின் அவர்கிட்டதான் இருக்கு."

"ஆதாரம்?"

"இல்ல சார்."

"அப்ப சந்தேகத்தை நீங்களே வெச்சுக்குங்க."

மேடம் முதலாளிக்குப் பக்கத்திலிருந்த தன் இருக்கைக்குத் திரும்பினாள். இத்தனை வருஷமாய் இவருக்காகவா எல்லார் வாயையும் அடைத்தோம்..?

முதலாளி குனிந்து கிசுகிசுத்தார்.

"ஏம்மா, வெளிய பிரஸ்காரங்க நிக்கறாங்க. இதுக்கும் நமக்கும் சம்பந்தமில்லேன்னு நாசூக்கா ஒரு அறிக்கை எழுதிடு."

"எழுதறேன் சார்."

மேஜை மைக்கின் பொத்தானில் மேடத்தின் முழங்கை பட்டது. தற்செயலாக அல்ல!

"ஆமா... தங்கச்சி எப்படி இருக்கா?"

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போயிட்டா சார்..."

முதலாளியின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"போயிட்டாளா! எப்படி? ரெண்டே ரெண்டு தூக்க மாத்திரைதானே காபியில போட்டேன்! வோட்டு முடியற வரைக்கும் தூங்கினா போதும்னு..."

அரங்கம் முழுக்க ஸ்பீக்கர்கள் அதிர்ந்தன.

நூறு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. மொழி தெரியாதவர்களுக்கும் குறை வைக்காமல், ஹெட்போனில் தங்கையின் குரல் அதையும் மொழிபெயர்த்து முடித்தது.

இன்ஸ்பெக்டர் முதலாளியின் தோளில் கை வைத்தார்.

"வாங்க சார். இப்ப ஆதாரம் இருக்கு."

"பாவி! செத்துட்டான்னு பொய் சொல்லி என்னைக் கவுத்துட்டியே!"

"செத்துட்டான்னு யார் சொன்னா? போயிட்டான்னுதான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு..!" மேடம் ஹெட்போனை நீட்டினாள். "சந்தேகமா இருந்தா உங்க மிஷினையே கேளுங்க சார்!"