ஒன்பதாவது தட்டு

எட்டுத் தட்டுக்கு ஒன்பது சத்தம் வந்தது.

சின்னவள் அசையாமல் இருந்து கேட்டாள். மதியத்திலிருந்து தகரக் கூரையின் மேல் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. பட்டறைக்குள் ஈரத் தோலின் வாடையும் கரியடுப்பின் காந்தலும் கலந்து, மூச்சு இழுக்கும்போதெல்லாம் நாக்கில் ஒட்டியது. தோலின் விளிம்பில் எட்டு இடங்களில் விரலால் தட்டி, எட்டும் ஒரே சுருதியில் பேசுகிறதா என்று பார்ப்பதுதான் மேளம் கட்டுகிறவர்களின் கடைசி வேலை. எட்டும் முடிந்துவிட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள். ஒன்பதாவது சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது, உள்ளேயிருந்து, யாரோ விரலை மடக்கித் தட்டியது போல.

"சனியன்" என்றாள் மேளத்தைப் பார்த்து.

பயமில்லை, எரிச்சல்தான். பத்து வாரமாக இந்த ஒரு மேளம் அவள் உயிரை வாங்குகிறது. இதற்குப் பின்னால் தொடங்கிய ஏழு மேளங்கள் கட்டி முடிந்து, ஆள் வந்து தூக்கிக்கொண்டு போய், எங்கெங்கோ முழங்கிக்கொண்டிருக்கின்றன. இது மட்டும் அடித்தால் சாக்கு மூட்டையை அடித்தது போல விழுங்கிவிடுகிறது. வார்களை இறுக்கினாள், தளர்த்தினாள், மாற்றினாள். வெயிலில் வைத்தாள், நிழலில் வைத்தாள், ஒரு நாள் கோபத்தில் துணியைப் போட்டு மூடி, பார்க்காமலே இருந்தாள். எதற்கும் மசியவில்லை.

மதியம் வேனை எடுக்கும் முன் அண்ணன் வாசலில் நின்று எட்டிப் பார்த்திருந்தான்.

"என்ன, உன் ஊமைப் பிள்ளை இன்னைக்காவது வாயைத் திறந்துச்சா?"

"திறக்கும். நீ போய் உன் வேலையைப் பாரு."

"ஆறு மணிக்கு மேளத்துக்குச் சொன்ன மீசைக்காரரைக் கூட்டிட்டு வர்றேன். மூணாவது தடவை. மனுஷன் பொறுமையா இருக்காருன்னு எத்தனை நாளைக்கு அவர் தலையில மிளகாய் அரைக்கிறது?"

"தோல்ல குத்தம் இல்லண்ணா."

"அப்ப பிரிச்சிட்டு வேற தோலைப் போடு. ஒரு நாள் வேலை."

"பிரிக்க மாட்டேன்."

"அதான் ஏன்?"

அவள் ஒரு வாரை இழுத்து முடிந்தாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல், சாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இன்னைக்கும் சரியில்லன்னா மேளம் கட்டுறதை மச்சான் பாத்துக்கட்டும் சின்னு. நீ வார் அறுத்துக் குடு. கோவிச்சுக்காத."

வார் அறுப்பது! தன் முதல் தோலைக் கையில் தொடுவதற்கு முன் அவள் பதினோரு வருடம் வார்தான் அறுத்தாள். மறுபடி அந்த மூலைக்கு, அத்தை மகனான அந்த மச்சானுக்கு, வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மனுஷனுக்கு வார் அறுத்துக்கொடுக்கும் நாள் வந்தால், அன்றைக்கே கத்தியைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

ஆறு மணிக்குள் இது பேச வேண்டும். அவ்வளவுதான்.

மறுபடி தட்டினாள். ஒன்று, இரண்டு. ஒவ்வொன்றாக விளிம்பைச் சுற்றி வந்தாள். எட்டு. கையை எடுத்தாள்.

டொக்.

ஒரு மூச்சு நேரம் விட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

மின்சாரம் போயிற்று. மழைக்காலத்தில் அது தினமும் போவதுதான். ஆனாலும் இன்றைக்கு, இந்த நேரத்தில், ஏதோ ஒன்றை வேண்டுமென்றே செய்வது போலப் போயிற்று. ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில், கொக்கிகளில் தொங்கிய தோல் வளையங்கள் ஒவ்வொன்றும் கண்ணில்லாத முகம் போலத் தெரிந்தன. சாரல் உள்ளே அடித்தது. ஈரம் பட்டால் தோல் தொய்ந்துவிடும். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். கதவு ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. மழை நாளில் அந்தக் கதவு உப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து அண்ணன் எத்தினால்தான் திறக்கும். தச்சர் ஆறு மாதமாக "நாளைக்கு வந்து இழைச்சுத் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்று தட்டு. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

போன முறை மேளத்தைத் திருப்பிக் கொண்டுவந்தபோது மீசைக்காரரும் இதைத்தான் சொன்னார். முப்பது வருடமாக மேளம் வாசிக்கிறவர், சும்மா பேசுகிற ஆள் இல்லை. "தங்கச்சி, நான் நிறுத்தின பிறகும் இது நிறுத்த மாட்டேங்குது. உறைக்குள்ள கிடந்துகிட்டே தட்டுது. மூணு மூணா. வீட்டுக்காரி அதைத் தூக்கிக் கூடத்துக்கு வெளியே வெச்சிட்டா." அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எலி என்றான். எலிக்குத் தாளம் கற்றுக்கொடுத்தது யார் என்று மீசைக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று இரவு அவளால் சாப்பிட முடியவில்லை.

ஏனென்றால் மூன்று தட்டு என்றால் என்ன என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பட்டறைக்குப் பின்னால் அப்பாவின் அறை. நடுவில் பலகைத் தடுப்பு மட்டும். பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு அப்பா இரண்டு வருடம் அந்த அறையின் இரும்புக் கட்டிலில் கிடந்தார். பக்கத்தில் ஒரு மேளக் குச்சி இருக்கும். பலகையில் மூன்று தட்டினால் வா. இந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டினால் வருகிறேன். ஒன்று தட்டினால் பொறு. அப்பா வகுத்ததுதான். அம்மா இல்லாத வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை.

பத்து வாரத்துக்கு முன்னால் அவள் இதே மேளத்துக்கு இரண்டாவது முகம் கட்டிக்கொண்டிருந்தாள். ஊறிய தோலை வளையத்தில் ஏற்றி, இழுத்து, வார் கோத்துக்கொண்டு போகும்போது நடுவில் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒரு பக்கம் சுருங்கி, தோல் பாழ். முக்கால் மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது.

பலகையில் மூன்று தட்டு கேட்டது.

தண்ணீராக இருக்கும் என்று நினைத்தாள். காலையிலிருந்து ஏழெட்டு முறை கூப்பிட்டிருந்தார். விரல் முட்டியால் மேளத்தின் மரக் கூட்டின் மேல் ஒரு தட்டு தட்டினாள். பொறு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று. மறுபடி ஒன்று. "ஒரு வேலையையாவது முழுசாச் செய்ய விடறாரா" என்று வாய்விட்டே சொன்னாள். மூன்றாம் முறை வந்தபோது இரண்டு தட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருந்தது. அதற்கும் ஒன்று தட்டினாள். பிறகு சத்தம் இல்லை. வேலை சுகமாக முடிந்தது. முடிச்சைப் போட்டு, கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். குச்சி தரையில் கிடந்தது.

"ஒரு சத்தமும் வரல. வந்திருந்தா எனக்குக் கேட்டிருக்கும்" என்றாள் அண்ணனிடம்.

அண்ணன் அதை நம்பினான். தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்துவைத்தவர் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். ஒவ்வொரு முறையும் அவளைக் கைகாட்டி, "இவ பக்கத்துலயேதான் இருந்தா" என்றான்.

டொக். டொக். டொக்.

"போதும்" என்றாள் சின்னவள். குரல் கீச்சென்று வந்தது. மேளத்தை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, எதையாவது செய்ய வேண்டுமே என்று, வார்களுக்கு அடியில் விரலை விட்டுக் கூட்டைத் தடவிக்கொண்டே போனாள். வழவழவென்ற மரம். இந்தப் பக்கமும் வழவழ. அந்தப் பக்கமும் வழவழ.

விரல் நின்றது.

காற்றுக்கண் இல்லை.

எந்த மேளத்துக்கும் கூட்டின் நடுவில் சுண்டுவிரல் நுழையாத அளவில் ஒரு துளை உண்டு. இரண்டு முகமும் மூடிய பிறகு உள்ளே இருக்கும் காற்று போய்வர அதுதான் வழி. அது இல்லாவிட்டால் அடிக்கிற அடி உள்ளேயே முட்டிச் செத்துப்போகும். இரண்டாவது முகம் கட்டும் முன்பே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதைச் சுட்டுவிட வேண்டும். அன்று காலையில் ஏழெட்டு முறை எழுந்து எழுந்து போனதில் அதை மறந்திருக்கிறாள். வார் அறுக்கிற பிள்ளைகூடச் செய்யாத பிழை. அதற்குப் போய்ப் பத்து வாரம்.

சிரிப்பு வந்தது. நிம்மதியில் கண்ணில் நீர்கூட வந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அடைபட்ட காற்று. சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், தோலைத் தள்ளும், இழுக்கும். தட்டாமல் என்ன செய்யும்? கடிகாரத்தில் ஐந்தே முக்கால். கம்பியைக் கரியடுப்பில் செருகிவிட்டு விசிறினாள். கங்கு சிவந்தது. தலை லேசாக வலித்தது. மதியம் ஒன்றும் சாப்பிடவில்லை.

கம்பி பழுத்ததும் இரண்டு வார்களை விலக்கி, மரத்தில் வைத்து அழுத்தினாள். மரம் சீறியது. நீலப் புகை எழுந்தது. கம்பி உள்ளே இறங்கிக்கொண்டே போய், சட்டென்று எதிர்ப்பு விட்டுப்போனது. உருவி எடுத்தாள்.

அடைபட்டிருந்த காற்று வெளியே வந்தது. ஒரே ஒரு மூச்சு. அவள் முகத்தில் பட்டது. வெதுவெதுப்பாக.

தைலம். அப்பாவின் நெஞ்சில் அவள் தினமும் தேய்த்த தைலம். அதற்கு அடியில், நாள்பட்ட படுக்கையின் வாடை.

பிறகு புகை திரும்பியது.

மேலே போய்க்கொண்டிருந்த புகை, நூல் போல மெலிந்து, வளைந்து, துளைக்குள் இறங்கியது. கடைசி இழை வரை. மெல்லிய விசில் சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. மேளத்தின் இரண்டு முகமும் மெதுவாக, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, வெளியே புடைத்தன. நின்றன. தாழ்ந்தன.

மறுபடி புடைத்தன.

அடுப்பில் கங்கு மங்கியது. அவள் மூச்சை இழுத்தாள். பாதிதான் வந்தது. மறுபடி இழுத்தாள். அதிலும் பாதி. மேளம் மடியிலிருந்து சரிந்து உருண்டு, துளை அவளைப் பார்த்தபடி நின்றது. விசில் சத்தம் உயர்ந்தது.

எழுந்தாள். விழுந்தாள். தவழ்ந்தாள். தரை. மரத்தூள். கதவு. பிடியை இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். உப்பியிருந்தது. ஜன்னல் எங்கோ தூரத்தில் இருந்தது.

வெளியே வேன் வந்து நின்றது.

வேன் கதவு அடித்து மூடும் சத்தம். காலடிகள். கூரைக்கடியில் இருவர் ஒதுங்கினார்கள். ஒரு பலகைக்கு அப்பால்.

"இந்த மழை இன்னைக்கு விடாது போலிருக்கே" என்றார் மீசைக்காரர்.

அண்ணா, என்று கூப்பிட்டாள். வாய்தான் திறந்தது. கூப்பிடக் காற்று இல்லை.

விரலை மடக்கினாள். கதவில் தட்டினாள், கூரை மழையில் அமுங்கிப்போகும் அளவுக்கு மெல்லத்தான். டொக். டொக். டொக்.

அவளுக்குப் பின்னால் மேளம் பேசியது.

ஒரு தட்டு. கனமான, முழுமையான, மணி போன்ற நாதம். கொக்கியில் தொங்கிய தோல்கள் எல்லாம் அதிர்ந்தன. பத்து வாரமாக அவள் தேடிய சத்தம்.

"அடேயப்பா" என்றார் மீசைக்காரர் வெளியே. "தங்கச்சி சாதிச்சிட்டா. கேட்டியாப்பா?"

"கேட்டேன். நில்லுங்க, உள்ள போகாதீங்க." அண்ணனின் குரலில் சிரிப்பு இருந்தது. "ஒரு தட்டுன்னா பொறுன்னு அர்த்தம். எங்கப்பா வெச்ச பழக்கம். வேலை நடுவுல போய் நின்னா என்னை உயிரோட விட மாட்டா."

"பொறுத்தாப் போச்சு. எனக்கென்ன அவசரம்?"

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

அவள் கையை மறுபடி தூக்கினாள். கை அவளுடையது போல இல்லை. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. மூன்றாவதுக்குக் கை எழவில்லை. நெடுநேரம் கழித்து எழுந்தது.

இருட்டில், அவளுக்குப் பின்னால், தோல் புடைத்தது.

ஒரு தட்டு.