விற்ற பங்கின் குரல்

நிலவின் தென்முனைக் குடியிருப்பில் பூமிக் கடிகாரப்படி காலை ஆறு மணிக்கு எல்லோரும் பல் தேய்ப்பார்கள். துப்பிய நுரை அவசரமில்லாமல் இறங்கும். அது தொட்டியைத் தொடுவதற்குள் காதுக்குப் பின்னால் பதித்த செவிச்சில்லு பேசத் தொடங்கும். நீங்கள் என்றோ விற்ற பங்கு இன்று என்ன விலை என்று சொல்லும்.

இது சட்டம். மனிதர்கள் ஒரு பங்கை வாங்கினால் சராசரியாகப் பதினோரு நாள்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கண்டுபிடித்திருந்தது. ஆகவே வாங்கி முப்பது ஆண்டு ஆவதற்குள் விற்பவர்களுக்கு இரண்டு தண்டனைகள். விற்ற கணமே உணவுக்கூடப் பலகையில் பெயர் ஒளிரும். அந்தப் பங்கு விற்ற விலைக்கு மேல் இருக்கும்வரை தினமும் காலையில் செவிச்சில்லு அதைச் சொல்லிக் காட்டும். விலை கீழே போய்விட்டால் பேசாது. பாராட்டுவதற்குச் சட்டத்தில் ஏற்பாடு இல்லை.

குரலை நாமே தேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலானோர் வீட்டில் இருப்பவரின் குரலையே வைத்துக்கொண்டார்கள். குத்திக்காட்டுவதைக் கேட்க அதில்தான் ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

நன்மாறன் மனைவி மரகதத்தின் குரலை வைத்திருந்தான். திருமணமான மாதம் பதிவு நடந்தது. அவள் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ‘ஏழு’ சொல்லும்போது பின்னால் நின்றிருந்த இவன் தும்மினான். அவள் சிரித்துவிட்டாள். பதிவாளருக்குச் சாப்பாட்டு நேரம். சிரிப்பை அப்படியே விட்டுவிட்டார்.

மூன்றாண்டு கழித்து மரகதத்தைச் சிகிச்சைக்குப் பூமிக்கு அனுப்ப, தென்முனை நீர் நிறுவனத்தில் தனக்கிருந்த நூறு பங்குகளையும் நன்மாறன் பங்கு ஒன்று இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் என்று விற்றான். அந்த நிறுவனம்தான் நிலவின் பனியை உருக்கி நீராக்குகிறது. அவனும் அங்கேதான் குழாய்ப் பராமரிப்பில் இருந்தான். கப்பல் புறப்பட நான்கு நாள் இருக்கும்போது அவள் இறந்தாள். பயணச்சீட்டுப் பணம் பிடித்தம் போகத் திரும்பி வந்தது. திரும்ப வாங்க அவனுக்குத் தோன்றவில்லை. பங்கு ஒன்பது மடங்கு ஏறியது.

அதிலிருந்து இரண்டு ஆண்டுகளாகத் தினமும் காலை ஆறு மணிக்கு அவள் பேசினாள்.

“வித்தது ரெண்டு, ஒண்ணு, ரெண்டுக்கு. இன்னிக்கு ஒண்ணு, எட்டு, ஏழு, மூணு.”

ஏழில் சிரிப்பாள். ஏழு வரும் நாளில் அவன் இன்னொரு முறை பல் தேய்ப்பான். செவிச்சில்லு இரண்டாம் முறை சொல்லாது. அது தெரிந்தும் தேய்ப்பான்.

பிறகு, புதிய சுரங்கத்தில் பனி மெலிதாக இருக்கிறது என்று ஒரு வதந்தி வந்தது. நான்கு வாரத்தில் பங்கு இருநூற்றுப் பத்தொன்பதுக்கு விழுந்தது. பங்கு வைத்திருந்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். விற்றிருந்தவர்களில் தலையில் கைவைத்தவன் நன்மாறன் மட்டும்தான். இன்னும் ஏழு ரூபாய் இறங்கினால் மரகதம் பேசமாட்டாள்.

விற்றோர் நலப் பிரிவில் இருந்த பிலோமினாவிடம் போய், விலை இறங்கினாலும் குரல் தொடர வழியுண்டா என்று கேட்டான். அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. பழைய பங்கைத் திரும்ப வாங்கினாலும் குறை தீர்ந்ததாக எடுத்துக்கொண்டு குரலை நிறுத்திவிடுவார்கள் என்றாள். ஒரே வழி, ஏறப்போகிற வேறொரு பங்கை வாங்கி, ஏறுவதற்கு முன் விற்க வேண்டும்.

“எது ஏறும்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க உக்காந்து சீல் குத்திட்டிருக்கேன்?”

அன்று மதியம் அவன் உணவுக்கூடத்து மேசைமேல் ஏறி நின்றான். அதுவரை அங்கே யாரும் அவன் குரலைச் சரியாகக் கேட்டதில்லை. நிறுவனத்தின் அறுபத்திரண்டு ஆண்டு வரலாற்றைச் சொன்னான். முதலாண்டில் போட்ட ஒரு ரூபாய் இன்று, இந்த விலையிலும், நானூறு ரூபாய். நான்கு முறை பாதிக்கும் கீழே விழுந்திருக்கிறது, நான்கு முறையும் எழுந்திருக்கிறது. விழுமுன் இருந்த விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட அதிகபட்சக் காலம் பதினோரு ஆண்டு. மனித ஆயுளில் பதினோரு ஆண்டு ஒன்றுமே இல்லை என்றான். அதைச் சொல்லும்போது கொஞ்சம் திக்கியது.

நானூறு பங்கு வைத்திருந்த வேதமுத்து, சுரங்கப் பிரிவுக்காரன், சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான். “டேய், உன் கையில ஒரு பங்குகூட இல்ல. உனக்கு எதுக்குடா இந்தத் தொண்டத்தண்ணி?”

“அதனாலதான் சொல்றேன். எனக்கு இதுல லாபமே கிடையாது.”

அவன் சொன்ன பொய்களில் அதுதான் நன்றாக எடுபட்டது. விற்றவனே விற்காதே என்கிறான் என்று வியந்தார்கள். பன்னிரண்டு நாள் பலகையில் ஒரு பெயரும் ஒளிரவில்லை. பதின்மூன்றாம் நாள் துளைக்கருவி தடித்த பனியைத் தொட்டது. பங்கு ஆறே மாதத்தில் இரண்டாயிரத்து நானூறைத் தாண்டியது. ஏழுகள் வந்தன.

ஆண்டுக் கூட்டத்தில் நிறுவனம் நன்மாறனுக்குப் ‘பொறுமைச் செம்மல்’ பட்டம் கொடுத்தது. ஒரு பங்குகூட இல்லாத செம்மல் என்பது நிறுவனத்துக்கே கூச்சமாக இருந்ததால், அவன் முன்பு விற்ற அதே நூறு பங்குகளைப் பரிசாக அறிவித்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் பங்குகள் அவன் பெயருக்கு வந்துவிட்டன. மறுப்பதற்கு ஒலிவாங்கியைத் தேடினான். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நுரை இறங்கித் தொட்டியைத் தொட்டது. காதில் ஒன்றும் இல்லை.

ஒன்பது மணிக்குப் பிலோமினாவின் மேசைமுன் நின்றான்.

“உங்க குறை தீர்ந்துபோச்சு சார். நேத்தே முடிச்சிட்டாங்க.”

“எனக்குத் தீரல. நூறையும் வித்துடுங்க.”

அவள் திரையைப் பார்த்தாள். “காதுல யார் குரல் சார் வெச்சிருந்தீங்க?”

“என் பொண்டாட்டி.”

பிலோமினா விற்பனைப் படிவத்தை எடுத்துச் சீல் குத்தினாள். இரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறுக்கு விற்றுக் கொடுத்தாள். நாளைக் காலைக்குள் ஒரு ரூபாய் ஏறினால் போதும்.

பலகையை அவன் மறந்துவிட்டான்.

நன்மாறன், நூறு, விற்பனை. ஓராண்டுக்கும் மேலாக அவன் பேச்சைக் கேட்டு வைத்திருந்தவர்கள் இப்போது அவன் செய்ததைப் பார்த்தார்கள். செம்மலுக்கு உள்ளே ஏதோ தெரிந்திருக்கிறது என்றார்கள். மதியச் சாப்பாட்டில் பாதித் தட்டுகள் அப்படியே இருந்தன. பலகையில் பெயர்கள் ஓடிய வேகத்தில் யாருடையதையும் படிக்க முடியவில்லை. நன்மாறன் மறுபடி மேசைமேல் ஏறி அறுபத்திரண்டு ஆண்டு வரலாற்றைத் தொடங்கினான். யாரோ மேசையைத் துடைக்க வேண்டும், இறங்கு என்றார்கள். மாலையில் பங்கு ஐந்நூற்று நாற்பது.

ஒரு வாரம் கழித்து வேதமுத்து வந்தான். அவன் ஐந்நூற்று நாற்பதில்தான் விற்றிருந்தான். பங்கு இப்போது ஐந்நூற்று ஐம்பத்தேழு. தினமும் காலையில் மனைவியின் குரல் காதில் ஒருமுறை, அடுப்படியிலிருந்து ஒருமுறை.

“கொடுத்து வெச்சவன்டா நீ,” என்றான். “உச்சியில வித்த. நிம்மதியா பல் தேய்க்கிற. அடுத்து எதை விக்கலாம்னு சொல்லு.”

நன்மாறன் தெரியாது என்றான். வேதமுத்து நம்பவில்லை. விற்கத் தெரிந்தவர்கள் இப்படித்தான் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று உணவுக்கூடத்தில் சொன்னான். அதன் பிறகு வாரம் இரண்டு பேராவது யோசனை கேட்டு வந்தார்கள்.

இப்போது நன்மாறன் ஒரு நாளைக்கு முப்பது முறை தென்முனை நீர் நிறுவனத்தின் விலையைப் பார்க்கிறான். ஒரு பங்குகூட அவனிடம் இல்லை. காலை ஆறு மணிக்கு வாயில் நுரையோடு, அசையாமல் நிற்கிறான். இரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழு வந்தால் போதும். அதில் ஒரு ஏழும் இருக்கிறது.

அவனுக்கு வயது முப்பத்திரண்டு. வரலாற்றைப் பார்த்தால், அதிகம் போனால் பதினோரு ஆண்டு.