எல்லை தாண்டும்போது சொல்ல வேண்டியது

எர்மெலோவில் கொம்பி வேன் மாறும்போதுதான் கிளை கனப்பதை செபிலே கவனித்தாள்.

ஊரில் வெட்டியபோது அது கை நீளத்துக்கு ஓர் இலந்தைக் கிளை, அவ்வளவுதான். பாதி இலை உதிர்ந்தது, விளக்குமாற்றுக்குக்கூட உதவாதது. இப்போது வெள்ளைத் துணியோடு சேர்த்து அதை மார்பில் அணைத்துக்கொண்டு, சுட்ட சோள வாசனைக்கும் டீசல் புகைக்கும் நடுவே வண்டியைத் தேடி நடந்தபோது, தூங்கிப்போன குழந்தையைத் தோளில் சுமப்பதுபோல அது கீழே கீழே இழுத்தது. நேற்று முழுக்கப் பயணம், இரவு தூக்கமில்லை, காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. செத்தவனின் ஆவி ஏறி வீட்டுக்கு வரும் கிளை அது; அதைச் சுமப்பவள் உயிரோடிருக்கும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. வீடு போய்ச் சேரும்வரை செத்தவனோடு மட்டும்தான் பேச்சு. திரும்பிப் பார்க்கவும் கூடாது. போனைக்கூட எலியாஸ் சித்தப்பா பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"மெசேஜும் பேச்சுதான். நீ படிச்சவ, உனக்கு நான் சொல்லணுமா?"

படிச்சவ. அந்தச் சொல்லை அவர் வசவு மாதிரித்தான் சொல்வார். குடும்பத்தின் முதல் பட்டதாரி, வேலை கிடைக்காதவள். ஆகவே செத்த அண்ணனை அழைத்து வரத் தோதானவள். ஆண்கள் எல்லாருக்கும் இந்த வாரம் பார்த்து ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது.

வண்டியில் அவளுக்கு ஓர் இருக்கை, பக்கத்தில் ஜன்னலோரம் பெக்கி அண்ணனுக்கு ஓர் இருக்கை. சித்தப்பா முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில்.

"மாவுஸோ," என்றான் டிரைவர், குலப்பெயர் சொல்லி, மரியாதையாக. "அந்த ஜன்னல் சீட்டு சும்மாதானே கெடக்கு? ஒரு ஆளை ஏத்திக்கவா? பாவம், வெளிய குளிர்ல நிக்கிறாரு."

"சும்மா கெடக்கலை. ஆள் இருக்கு. டிக்கெட்டும் வாங்கியாச்சு."

டிரைவர் திரும்பினான். துணிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த முள்ளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "மன்னிச்சுக்கண்ணே," என்றான் காலி இருக்கையிடம். "தெரியாம கேட்டுட்டேன். சௌகரியமா உக்காருங்க. உங்க சித்தப்பாதான் இங்க ரெண்டு சீட்டு எடம் அடைச்சுக்கிட்டு இருக்காரு."

"உன் வாயை வெச்சுத்தான் வண்டி ஓடுதா? ரோட்டைப் பாரு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செபிலேக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

குளிர்காலத்து வெயில் மஞ்சளாக, சூடில்லாமல், அறுத்த சோளக் காடுகளின்மேல் படுத்திருந்தது. நிலக்கரி லாரிகள் எதிரே வந்தபடி இருந்தன. திருப்பம் வந்தால் திருப்பம், பாலம் வந்தால் பாலம், எல்லாவற்றையும் அண்ணனிடம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவன் வழியில் நின்றுவிடுவான். கண் தெரியாதவனைக் கூட்டிப்போவதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆற்றுப்பாலத்தில் வண்டியின் சத்தம் மாறியபோது கிளையின்மேல் குனிந்தாள்.

"அண்ணா, ஆறு தாண்டுறோம்."

"ம்."

மிக மெதுவாக. ஜன்னல் பக்கத்திலிருந்து. கதை கேட்கும் ஒருவன் பாதித் தூக்கத்தில் உம் கொட்டுவதுபோல.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்துவிட்டான். அந்தச் சிமென்ட் மூடிக்கு அடியிலிருந்து வந்தேவிட்டான். பழைய தங்கச் சுரங்கம், எப்போதோ மூடிய குழி. அதற்குள் திருட்டுத்தனமாக இறங்கித் தோண்டுகிறவர்களோடு அவனும் இறங்கினான். பாறை சரிந்தது. யாரையும் வெளியே எடுக்கவில்லை. மேலே சிமென்ட் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அம்மா படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறாள். "அவன் கல்லுக்கடியில கெடக்கான். நான் பாயில படுக்கவா?" கால்கள் இரண்டும் வீங்கி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. பெக்கி வந்து தன் குடிசையில் படுத்தால் அவளும் படுப்பாள். இந்தப் பயணத்தில் செபிலே கேட்டதெல்லாம் அதுதான். அம்மா ஒரு ராத்திரி உடம்பை நீட்டிப் படுக்க வேண்டும்.

அடுத்த திருப்பத்தில் குரலில் சந்தோஷத்தோடு சொன்னாள். "அண்ணா, இடது பக்கம் திரும்புறோம். இனிமே மலை."

"ம்," என்றது ஜன்னலோரம்.

"ம்," என்றது அவள் முதுகுக்குப் பின்னால்.

பின்னால் ஸ்வெட்டர் மூட்டைகளோடு ஒரு வியாபாரி அக்கா. அவள் குரல் இல்லை. இது ஆண்குரல், நெஞ்சில் சளி கட்டியது.

வாசனை அதற்குப் பிறகுதான் வந்தது. வண்டிக்குள் அதுவரை வறுத்த மாவுப் பண்டத்தின் எண்ணெய், வியர்வை, ஆரஞ்சுத் தோல். இப்போது அவற்றுக்கு அடியில், வெயில் படாத ஈரக்கல்லின் வாசனை. வெடிமருந்துப் புகை. துருப்பிடித்த தண்ணீர். அவள் கையிலிருந்த துணி நனைந்திருந்தது. மூன்று மாதமாக மழை இல்லாத நாட்டில்.

"யாருப்பா அது இப்பிடி இருமுறது?" என்றாள் ஸ்வெட்டர் அக்கா. "ஜன்னலை மூடுங்க. அந்தாளுக்கு நெஞ்சு பிளந்துரும்போல."

"ஜன்னல் மூடித்தானே அக்கா இருக்கு," என்றான் டிரைவர். அவன் ஸ்டியரிங்கோடு மல்லாடிக்கொண்டிருந்தான். மேட்டில் வண்டி முக்கியது. "மாவுஸோ, உங்காளு உயிரோட இருக்கும்போது என்ன எடை? வண்டி மூச்சு வாங்குதே. டயர் தட்டுது பாருங்க."

"செத்தவனைக் கேலி பண்ணாத."

"கேலி பண்ணலை. நெஜமாத்தான் கேக்குறேன்."

சித்தப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது.

அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. மெதுவாக, குளிர் பாதத்திலிருந்து ஏறுவதுபோல. செத்தவனைக் குலப்பெயர் வரிசையோடு அழைக்க வேண்டும். மாவுஸோ என்று தொடங்கி, முப்பாட்டன்கள் பெயர் ஒவ்வொன்றாக, கடைசியில் அவன் பெயர். அப்போதுதான் எந்த வீட்டு ஆள், எவன் என்று மண்ணுக்குத் தெரியும். அழைக்க வேண்டியவர் சித்தப்பா. காலையில் சுரங்கத்தில் அவர் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார், காவல்காரர்களோடு பேசுகிற சாக்கில். குழியைக் கண்டால் பயம். "நீயே கூப்பிடும்மா, சீக்கிரம், கேட்டை மூடிருவான்" என்று அங்கிருந்தே கத்தினார். அவளுக்கு வரிசை தெரியாது. பள்ளிக்கூடத்தில் அதை யாரும் கேட்கவில்லை. மூத்தவனைப் பெயர் சொல்லி அழைத்தும் பழக்கமில்லை. எந்தத் தங்கச்சிக்குத்தான் உண்டு? சிமென்ட்டின்மேல் கிளையை இழுத்தபடி, வாயில் வந்ததைச் சொன்னாள்.

அண்ணா. வா. வீட்டுக்குப் போகலாம்.

லெசோதோக்காரர்கள், மொசாம்பிக்காரர்கள், ஜிம்பாப்வேக்காரர்கள். கல்லுக்கடியில் எத்தனை பேர் என்று எவனும் எண்ணவில்லை. யாருக்காகவும் யாரும் வரவில்லை. இருட்டில், ஈரத்தில், மாதக்கணக்கில், வருஷக்கணக்கில். மேலே ஒரு பெண்குரல். அண்ணா என்று.

அவர்கள் எல்லாருக்கும் தங்கச்சிகள் இருந்தார்கள்.

வாய்வரை வந்தது அலறல். சித்தப்பா, வண்டியை நிறுத்துங்க. பற்களைக் கடித்துக்கொண்டாள். பேசினால் அண்ணன் போய்விடுவான். இவர்களுக்கு நடுவில் அவனும் இருக்கலாம். பேச முடிந்ததெல்லாம் கிளையோடு மட்டும். பயத்தைச் சொல்ல வேண்டுமானால், எதைக் கண்டு பயமோ அதனிடமே சொல்ல வேண்டும்.

"அண்ணா," என்றாள், உதடு மட்டும் அசைய. "நீ இருக்கியா?"

"ம்," என்றார்கள்.

எல்லைக் கேட்டை அடைந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. கொம்பி இந்தப் பக்கத்தோடு சரி. இறங்கி நடந்துதான் கடக்க வேண்டும். எல்லாரும் இறங்கினார்கள், மூட்டைகள் இறங்கின. வண்டி அப்படியே தாழ்ந்து நின்றது. கடைசியாக செபிலே கிளையோடு கீழே கால் வைத்தாள். அதன் பிறகுதான் வண்டியின் அடி ஸ்பிரிங்குகள் முனகின. வண்டி கொஞ்சம் உயர்ந்தது. நின்றது. மறுபடி கொஞ்சம் உயர்ந்தது. நின்றது. ஒருவர்பின் ஒருவராக ஆட்கள் இறங்குவதுபோல.

டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தொப்பி கையில். இப்போது அவனிடம் கேலி எதுவும் இல்லை. கதவைக்கூட மூடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

தென்னாப்பிரிக்கப் பக்கத்து அதிகாரி களைத்துப்போனவன். கிளையைப் பார்த்தான், அவளிடம் எதுவும் கேட்கவில்லை, முத்திரை குத்தினான். "போம்மா. கூட்டிட்டுப் போ." கண்ணாடிக் கதவை அவளுக்காகத் திறந்து பிடித்தான். அவள் போன பிறகும் பிடித்துக்கொண்டே நின்றான், வரிசை முடியட்டும் என்பதுபோல. பிறகு தன் கையையே வினோதமாகப் பார்த்தான்.

இரண்டு கேட்டுகளுக்கும் நடுவே சாலையின் இருபுறமும் தீ பரவாமலிருக்கப் புல்லைக் கொளுத்தியிருந்தார்கள். கரி. சாம்பல். கருகிய புல்தாள்கள் கால் பட்டால் நொறுங்கும். சித்தப்பா முன்னால் நடந்தார், வேகமாக, ஓடாமல் ஓடுகிறவரைப்போல. அவர் தார் ரோட்டில்தான் நடந்தார். அவளும்.

கரி நொறுங்கியது. இடப்பக்கம். வலப்பக்கம். ரப்பர் பூட்ஸ்களின் கனத்த, இழுத்துப் போடும் நடை. வெறுங்கால்களும். அவசரமில்லை யாருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் நடை.

எதிரே, சுவாசி நாட்டுக் கேட்டுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு பிக்கப் வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் அம்மா நின்றிருந்தாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு, வீங்கிய காலில். வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கிறவளா.

கேட்டில் அவனிடம் சொல்ல வேண்டும். இதுதான் எல்லை, தாண்டு என்று. சொன்னால்தான் தாண்டுவான்.

சொன்னால் எல்லாரும் தாண்டுவார்கள்.

பெயர் வரிசையைச் சொல்லிப் பார்க்கலாம். பெக்கியை மட்டும் பிரித்து எடுக்கலாம். சாவு வீடுகளிலும் கல்யாணங்களிலும் காதில் விழுந்ததையெல்லாம் தேடினாள். "மாவுஸோ," என்றாள்.

"மா... வு... ஸோ," என்றது இடப்பக்கம். வேற்று நாக்கு. கற்றுக்கொள்கிற நாக்கு.

"மாவுஸோ," என்றது வலப்பக்கம், இன்னும் சரியாக.

"மாவுஸோ. மாவுஸோ. மாவுஸோ."

வாயை மூடிக்கொண்டாள்.

கேட் வந்தது. தடுப்புக் கம்பம் உயர்ந்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தாள். மறுகாலை. கையிலிருந்த பாரம் சட்டென்று விட்டது. கிளை குச்சியாயிற்று. உலர்ந்த, ஒன்றுக்கும் உதவாத குச்சி. பின்னால் எல்லாக் காலடிகளும் நின்றன.

விட்டுவிட்டாள். அவனையும்தான். இரண்டு நாட்டுக்கும் நடுவே, சாம்பலில். அம்மாவுக்கு ஏதாவது பொய் சொல்லலாம். குச்சியைப் பாயில் கிடத்தலாம். அம்மா படுப்பாள்.

அம்மா அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, எல்லை தாண்டுற, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றாள். "அசந்துட்டியா? பாவம், நீயும் எவ்வளவுதான்..." போர்வையை விலக்கி இரண்டு கைகளையும் விரித்தாள். கேட்டைப் பார்த்து, இத்தனை மாதம் சேர்த்து வைத்த குரலில் கூப்பிட்டாள். "என் புள்ளையே! இதுதான்டா எல்லை! தாண்டி வா! அம்மாகிட்ட வா!"

"அம்மா, வேண்டாம்!"

அலறியே விட்டாள். அம்மா காதில் வாங்கவில்லை. சித்தப்பா சாலையோரம் குந்தி, தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டிருந்தார்.

குளிர்ந்த காற்று ஒன்று செபிலேயைத் தாண்டிப் போனது. ஈரக்கல் வாசனையோடு. இன்னொன்று. தோளை உரசிக்கொண்டு. இன்னொன்று. யாரும் முண்டவில்லை. வரிசையாகப் போனார்கள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. காற்றில் எதையோ இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்தாள்.

"ஐயோ சாமி, கை இப்பிடி ஜில்லுனு ஆயிருச்சேடா." வாய்க்கருகே கொண்டுபோய் ஊதினாள். தேய்த்தாள். "இரு, இரு. சூடு வந்துரும்."

பிறகு அந்தக் கையை விட்டாள். சற்று உயரத்தில் இன்னொன்றைப் பிடித்தாள். நெற்றி லேசாகச் சுருங்கியது, ஊதினாள், தேய்த்தாள். அதையும் விட்டாள். தாழ்வாக இன்னொன்று. விரல்கள் முழுசாக இல்லாத ஒன்றுபோல, தடவித் தடவித் தேடிப் பிடித்தாள். இன்னொன்று. கூடவே இன்னொன்று. விரிந்த போர்வை முன்னாலும் பின்னாலும் புடைத்துக்கொண்டே போனது, பிக்கப்பின் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏதோ மறைத்தது, அரை இருட்டில் அம்மா மட்டும், வீங்கிய காலில் நின்றபடியே, ஊதினாள், தேய்த்தாள், அடுத்ததற்குக் கை நீட்டினாள்.