இரண்டு சரிவுகள்

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ரெசிடென்சி சாலை அலுவலகக் கட்டடத்தின் சாவியைக் கொடுக்கும்போது டேரில் என்ற காவலாளி தயங்கினார்.

"ஏழாவது மாடியில ஜன்னல் சீட் பக்கம் ரொம்ப நேரம் நிக்காதீங்க மேடம். கூட வேலை செஞ்ச பொண்ணுக்கு ப்ரமோஷன்னு கேட்ட அன்னிக்கு, ஒருத்தி அங்கயே நெஞ்சு வலி வந்து போயிட்டா."

ரூபினி தலையாட்டிவிட்டு மேலே போனாள்.

ஏசி ஓடாத கூடம். பழைய கம்பள நெடி. லேப்டாப்பை ஏந்தியபடி மெல்ல நடந்தாள். சில அடிகளுக்கு ஒருமுறை, திரையிலிருந்த தள வரைபடத்தில் தான் நிற்கும் இடத்தைத் தொட்டாள். வைஃபை சிக்னல் நன்றாக எட்டிய இடமெல்லாம் பச்சையானது; எட்டாத இடம் சிவப்பாகும்.

பச்சை பரவப் பரவ அவளுக்கு வயிறு எரிந்தது. வைஃபை பெட்டிகளை எங்கே பொருத்துவதென்று முடிவு செய்தவள் பார்கவி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீலசந்திரா பகுதியில் ஒரே வாடகை அறையில் இருப்பவர்கள். எங்கும் பச்சையென்றால் சிங்கப்பூர் கிளை வேலை பார்கவிக்கு. பழுதிருந்தால் ரூபினிக்கு.

ஒரே ஒரு சிவப்பு போதும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

ஜன்னலோரம் சிவப்பு வந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு.

படமெடுத்து பார்கவிக்கு அனுப்பினாள். தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அரை மணியில் பார்கவி வந்து அதே இடத்தை அளந்தாள். பச்சை. அவள் கோபப்படவில்லை.

"நீயே நடுவுல நின்னு மறைச்சிருப்படி."

உடம்பிலுள்ள நீர் சிக்னலைக் குடித்துவிடும். இருவருக்கும் தெரிந்ததுதான். பார்கவி லேப்டாப்பை மேசையில் வைத்து, பெட்டிக்கும் அதற்கும் குறுக்கே ரூபினியை நடக்கச் சொன்னாள்.

நடந்தாள். திரையில் சிக்னல் கோடு சரிந்து எழுந்தது.

அவள் கடந்துபோன பிறகு, மீண்டும் சரிந்தது.

பார்கவியின் முகம் மாறியது. "இன்னொரு வாட்டி நட."

மறுபடியும் இரண்டு சரிவுகள். இம்முறை இரண்டாவது, முதலாவதை நெருங்கியிருந்தது.

ரூபினியின் பிடரியில் ஈரமாக ஏதோ பட்டது. திரும்பவில்லை.

"போதும்டி. கீழ போயிடலாம்," பார்கவி கிசுகிசுத்தாள். "எல்லாம் பச்சைன்னு எழுதிக்கறேன்."

எழுதிவிட்டால் சிங்கப்பூர் அவளுக்கு.

"இல்ல," என்றாள் ரூபினி. "பழுது இருக்கு. நான் நடக்கறேன், நீ பாரு."

நடந்தாள்.

ஒரே சரிவு.

ஆழம் மட்டும் இரண்டு மடங்கு.

பார்கவி ஆழத்தைக் கவனிக்கவில்லை. "இப்ப ஒண்ணுதான்டி, சரியாயிடுச்சு," என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு லிஃப்டை நோக்கி விரைந்தாள்.

ரூபினி அங்கேயே நின்றாள். பயத்தில் மூச்சை இறுக அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் அவள் மார்பு நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.