கரையாத கன்னம்

தலையணை உறையின் ஓரத் தையல் கன்னத்தில் பதித்த கோடு மத்தியானம் ஆகியும் போகவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே சின்னவள் அதைப் பார்த்தாள். தூங்கி எழுந்தால் யாருக்கும் விழுகிற கோடுதானே என்று விட்டுவிட்டாள். துணி துவைத்து, கொடியில் போட்டு, அம்மாவின் படுக்கை விரிப்பை மாற்றி, மறுபடி குளியலறைக் கண்ணாடி முன்னால் வந்து நின்றபோதும் அது அப்படியே இருந்தது, ஈர மண்ணில் கயிறு கிடந்து எடுத்த தடம் மாதிரி. விரலால் நீவினாள். கன்னம் சில்லென்றிருந்தது. கோடு அழிந்தது, ஆனால் விரல் அழுந்திய பள்ளம் மெல்ல மெல்ல, ஒரு அவசரமும் இல்லாமல், மேலே எழும்பி வந்தது.

புதுசுல அப்படித்தான் இருக்கும் என்று ஊசிக்காரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

ஊசிக்காரம்மா முன்பு ஒரு தோல் டாக்டரிடம் நர்ஸாக இருந்தவள். இப்போது தன் வீட்டுப் பின்னறையில், ஸ்பிரிட் வாசனைக்கும் துவைத்த துண்டு வாசனைக்கும் நடுவே, வருகிறவர்கள் முகத்தில் ஒட்டிப்போன இடம் உப்ப ஃபில்லர் ஊசி போடுகிறாள். வாய் ஓயாது.

"பயப்படாதீங்க, விஷம் ஒண்ணுமில்ல. நம்ம தோல்லயே இருக்கிற சரக்குதான். தண்ணிய இழுத்து வெச்சுக்கிற ஜெல். வயசாக ஆக அது குறையுது, கன்னம் ஒட்டிப்போகுது. குறைஞ்ச இடத்துல ரொப்பறோம், அவ்வளவுதான். மாசம் போகப் போகத் தானா கரைஞ்சுடும். பிடிக்கலையா, கரைக்கிற ஊசியும் இருக்கு. ஆனா ஒண்ணு, போட்ட இடம் வெளுத்தாலோ, வலி தாங்கலன்னாலோ, கண்ணு மங்கினாலோ நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. எனக்கு போன் பண்ணிக்கிட்டு நிக்காதீங்க."

"இத்தனையும் கேட்டப்புறம் யாராவது போட்டுக்கிறாங்களா?"

"நல்லா கேட்டீங்க! அழகுன்னு வந்துட்டா யாருக்குக் காது கேக்குது?"

சின்னவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள்.

"இதே மாதிரி வேணும்."

ஊசிக்காரம்மா போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அடேயப்பா, என்ன கன்னம்! நீங்கதானா இது?"

அது அவள் அக்கா. செத்துப்போய் ஒரு வருஷம் ஆகவில்லை. செத்தவள் முகத்தைக் கேட்டால் எந்த ஊசிக்காரி ஊசியைத் தொடுவாள்?

"ஆமா" என்றாள் சின்னவள். "நான்தான்."

சொன்னதும் நாக்கு கசந்தது. கையுறை போட்ட இரண்டு கட்டைவிரல்கள் போட்டோவைப் பார்த்துப் பார்த்து அவள் கன்னத்தை உருட்டின, அமுக்கின, வழித்தன. களிமண்ணாகக் கிடந்தாள்.

எல்லாம் அம்மாவுக்காக. அம்மாவுக்கு மறதி முற்றிப்போய் வருஷங்கள் ஆகின்றன. தான் சாகும்வரை அவளைத் தனியாளாக வைத்துப் பார்த்தவள் பெரியவள்தான். வெளியூரில் வேலையாக இருந்த சின்னவள் லீவுக்கு வந்தால் பெரியவள் அம்மா சாப்பிட்ட காலித் தட்டை முகத்துக்கு நேரே நீட்டுவாள். "பாத்தியாடி? கழுவி வெச்ச மாதிரி. என்கிட்ட அம்மா ஜம்பம் பலிக்காது." வலது கன்னத்தில் குழி விழச் சிரிப்பாள்.

பெரியவள் நெஞ்சுவலியில் ஒரே நாளில் போனாள். சின்னவள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. ஸ்பூன் கிட்டே வந்தாலே உதட்டை இறுக்கிக்கொண்டு, கதவைப் பார்த்து, "பெரியவ எங்க?" என்பாள். சின்னவள் கெஞ்சினாள், பாட்டுப் பாடினாள், அழுதாள். "பெரியவ வரலியா?" அதே கேள்வி. அம்மாவின் உடம்பு சோப்பு மாதிரி நாளுக்கு நாள் கரைந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், இப்படியே போனால் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு வேண்டியது பெரியவள். சரி, பெரியவளைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டால்?

வீக்கம் வடிந்த அன்று சின்னவள் அக்காவைப் போலவே தலையை இழுத்து வாரி, மசித்த சாப்பாட்டுக் கிண்ணத்தோடு அம்மா எதிரே உட்கார்ந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். உதடு நடுங்கியது. வாய் திறந்தது.

ஒரு வாய் மிச்சமில்லை. மெல்லக்கூட இல்லை, அப்படியே விழுங்கினாள், கண்ணை அந்த முகத்தைவிட்டு எடுக்காமல். சின்னவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சந்தோஷமாக அழுதாள்.

மறுநாளிலிருந்து அம்மா ஒரு புது வேலை செய்தாள். ஸ்பூன் வரும்போதே நடுங்குகிற கையைத் தூக்கி, இரண்டு விரலால் தன் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"என்னம்மா, நாத்தமா அடிக்குது?" சின்னவள் கிண்ணத்தை மோந்து பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு. சமையல் நான்னா அவ்வளவு இளக்காரமா?"

அம்மா சிரிக்கவில்லை. விழுங்கினாள். மூக்கைப் பிடித்தாள். திறந்தாள்.

அந்த வாரத்தில்தான் தலையணைக் கோடு. அதற்குப் பிறகு குழி. வலது கன்னத்தில், உதட்டோரத்துக்குச் சற்று மேலே, விரல் வைத்து எடுத்தது போல. அதை அவள் கேட்கவும் இல்லை, ஊசிக்காரம்மா வைக்கவும் இல்லை. போட்டோவில் பெரியவள் சிரிக்கக்கூட இல்லை. விளக்கைப் போடாமல் கூடத்தைக் கடந்தால் ஜன்னல் கண்ணாடியில் யாரோ முந்திக்கொண்டு போவது போலிருந்தது. அம்மாவை அதட்டுகிற ஒரு குரல் சமையலறையில் கேட்டு ஓடினால் அங்கே யாரும் இல்லை. தன் வாய்தான் திறந்திருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டாள். "ஏம்மா மூக்கைப் பிடிச்சுக்கிற?"

அம்மா அவளை நேராகப் பார்க்காமல், தப்பு செய்த குழந்தை மாதிரி, மடியைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ பிடிச்சா வலிக்குது. நானே பிடிச்சுக்கிறேன்."

சின்னவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள். கழுவி வெச்ச மாதிரி தட்டு. அம்மாவின் உடைந்த முன்பல், குளியலறையில் வழுக்கி விழுந்ததாகப் பெரியவள் சொன்ன பல். கதவைப் பார்த்துப் பார்த்துக் கேட்ட கேள்வி. அம்மா அவளைத் தேடவில்லை. வந்துவிடுவாளோ என்று பார்த்திருக்கிறாள்.

மறுநாளே ஒரு தோல் டாக்டரிடம் ஓடினாள். "கரைக்கிற ஊசி போடுங்க டாக்டர். இப்பவே. எல்லாத்தையும் கரைச்சுடுங்க."

டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்துக் கன்னத்தில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் கருவியை ஓட்டினார். ஓட்டினார். திரையைத் திருப்பிக் காட்டினார். "ஜெல் இருந்தா இங்க கறுப்பா, குட்டை குட்டையாத் தெரியணும். ஒண்ணையும் காணோமே. எப்பவோ கரைஞ்சுபோச்சும்மா."

"அப்ப இது என்ன?"

"எது?"

"இந்தக் கன்னம்!"

"உங்க கன்னம்தான். சதை, கொழுப்பு, தோல். இல்லாததை நான் எப்படிக் கரைக்கிறது?"

"எப்படியாவது… உங்க கால்ல வேணா விழறேன் டாக்டர்…" கண்ணீர் காதுவரை ஓடியது.

டாக்டரம்மா கருவியைக் கீழே வைத்தார். அவர் நாற்காலி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. "முதல்ல அழுகைய நிறுத்துங்க. இல்ல, சிரிப்பையாவது நிறுத்துங்க."

அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டை எடுத்து, கண் மட்டும் தெரிய முகத்தை இறுக்கிக் கட்டினாள். முடிச்சின்மேல் முடிச்சு. அம்மாவின் அறையில் அந்தி மங்கல். மருந்து வாசனை, ஈரச்சுவர் வாசனை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் குரல் தன்னிடம் இருக்கும்போதே பேசிவிட வேண்டுமென்று பேசினாள்.

"அம்மா. நான் சின்னவ."

அம்மா முகம் திரும்பியது. எத்தனையோ மாதமாகக் காணாத ஒரு வெளிச்சம் அதில் வந்தது. "சின்னவளா? எப்படி வந்த?"

"வந்துட்டேம்மா. இனிமே போகமாட்டேன்."

"பெரியவ இருக்காளா?"

"இல்லம்மா. அவ இல்ல."

"மெதுவாப் பேசுடி, கேட்டுடப்போவுது." அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "என்னை உன்கூடக் கூட்டிட்டுப் போயிடேன். உன் வீட்ல ஒரு மூலையில இருந்துக்கிறேன்."

"போலாம்மா. நாளைக்கே. முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு."

ஸ்பூன் நீண்டது. அம்மா மூக்கைப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தாள். மென்றாள். மென்று, ருசித்து, "நல்லாருக்குடி" என்றாள்.

போதும். இது போதும். கடைசிவரை துண்டோடு இருந்துவிட்டுப் போகிறேன்.

பின்னந்தலையில் ஏதோ ஊர்ந்தது.

விரல்கள். அவளுடைய இடது கை விரல்கள். முடிச்சைத் தேடின. அவிழ்த்தன. நிதானமாக. ஒன்று. இன்னொன்று.

வேண்டாம்.

துண்டு மடியில் விழுந்தது.

அம்மாவின் வாயில் பாதி மென்றது நின்றது. கை தன் மூக்கைத் தேடி எழும்பியது. பாதியில் நின்றது. அம்மா கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"சின்னவ… சின்னவ எங்க?"

இங்கதாம்மா. இங்கதான் இருக்கேன். கத்தினாள். தொண்டைவரை கத்தினாள்.

"சின்னவ போயிட்டா" என்றது வாய். "ம், திற."

இடது கை அம்மாவின் மூக்கை நோக்கிப் போனது. ஸ்பூன் உயர்ந்தது. அதன் வளைந்த முதுகில் ஒரு முகம், வலது கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டு. இடது கன்னத்தில், தோலுக்கு உள்ளேயிருந்து, ஐந்து விரல் நுனிகள் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.