கிழியாத கம்பளி

டிராக்டர் பானட்டின் மேல் கை வைத்த திஜானி, சட்டென்று எடுத்துக்கொண்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

போன குளிர்காலத்தில் நிறுத்தியதோடு சரி, அந்தச் சின்ன டிராக்டரை யாரும் தொடவில்லை. டயர்கள் காற்று இறங்கிச் சப்பிப் போயிருந்தன. ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு சிலந்தி நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கொட்டகை முழுக்க நாள்பட்ட டீசலும் எலிப் புழுக்கையும் ஈர வைக்கோலும் கலந்த வாடை. இப்படிப்பட்ட வண்டிக்குச் சூடு எங்கிருந்து வரும்? தகரக் கூரையில் வெயில் பட்டிருக்கும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். ஆலிவ் மரங்கள் இடுப்பு வரை பனியில் மூழ்கி நின்றன. சூரியன் தலைகாட்டி இரண்டு நாளாகிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதைத் தொடவே கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் காய்கள் கறுத்து உதிர ஆரம்பித்துவிட்டன, மூட்டைகள் செக்குக்குப் போயாக வேண்டும். ஊரில் பெரிய டிராக்டர்களுக்குப் பஞ்சமில்லை. அவருடைய நெருக்கமான மரங்களுக்கு நடுவே அதில் ஒன்றுகூட நுழையாது. மரத்துக்கு மரம் வளைந்து போவதற்காகவே மகன் ஹம்தி அடம்பிடித்து வாங்க வைத்த வண்டி இது. வாங்கியவன் மண்ணுக்குள் போய்விட்டான். வண்டி நிற்கிறது.

அவர்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் எந்த ஆண்பிள்ளையும் கஷாபியா போடாமல் வெளியே இறங்கமாட்டான். தலைமூடி வைத்து, கணுக்கால் வரை தொங்கும் தடித்த கம்பளி அங்கி. அம்மா கையால் நெய்தது என்றால் அதற்குத் தனிப் பெருமை. ஹம்தியினுடையதை அவன் அம்மா மப்ரூகா இரட்டை முறுக்கு நூலில் நெய்திருந்தாள். போன குளிர்காலத்தில் ஒருநாள், வெட்டிய கிளைகளைப் பொடியாக்கும் யந்திரத்தை டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கிளை ஒன்று சிக்கிக்கொண்டது. இன்ஜினை நிறுத்தாமலே இறங்கிக் குனிந்தான். யந்திரத்தைச் சுழற்றும் பின்தண்டின் பிளாஸ்டிக் உறை வெயிலில் வெடித்து உதிர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. எல்லார் வண்டியிலும் அப்படித்தான். அங்கியின் ஓரம் தண்டில் பட்டது. சுற்றிக்கொண்டது.

டீசல் இன்ஜின் சாவியைத் திருப்பினால் நிற்காது. குமிழைப் பிடித்து இழுத்து டீசலை அடைக்க வேண்டும். திஜானி ஓடிப் போய் அதை இழுத்தார். மப்ரூகா ஓடிப் போய் மகனின் கையைப் பிடித்தாள். குமிழுக்கு இன்ஜின் கட்டுப்படுவதற்குள் அவள் பிடி நழுவிவிட்டது. துணியை வெட்ட ஒரு கத்தி இல்லாமல் அவர் கொட்டகை முழுக்கத் தேடியது இன்றைக்கும் கனவில் வரும். அதற்குப் பிறகுதான் ஆட்டுரோமம் வெட்டும் பெரிய கத்தரி ஒன்றைக் கொட்டகை வாசலில் மாட்டி வைத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

துக்கம் கேட்க வந்தவர்களில் யாரோ ஒரு புண்ணியவான், கடைத்துணியாக இருந்தால் கிழிந்து பையன் தப்பியிருப்பான் என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னவன் மறந்திருப்பான். மப்ரூகா மறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் பேச்சு அருகிப் போனது. தறியில் மறுபடி எதையோ நெய்ய உட்கார்ந்தாள். பகலெல்லாம் நூலை இறுக்கும் இரும்புச் சீப்பு தொம், தொம் என்று விழும். அது விழுகிற வரைக்கும் அவள் இருக்கிறாள் என்று திஜானிக்கு ஒரு தெம்பு. மகனைக் கொடுத்தாயிற்று, அவளையும் கொடுத்தால் தாங்கமாட்டார்.

பயத்தைக் கைக்கு வேலை கொடுத்துத்தான் விரட்ட வேண்டும். பில்டர் கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் துருத் தண்ணீர். கொட்டிவிட்டுப் புது டீசல் ஊற்றி, பில்டர் மேல் திருகைத் தளர்த்திக் கைபம்பை அமுக்கினார். குழாயில் புகுந்த காற்று குமிழி குமிழியாக வெளியேறி, பிறகு வெறும் டீசல் வர வேண்டும். குமிழி நிற்கவேயில்லை. யாரோ உள்ளேயிருந்து மூச்சு விடுவதுபோல் வந்துகொண்டேயிருந்தது. ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது. சரி, கிரீஸாவது அடிப்போம் என்று கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு குனிந்தார். முன் அச்சில் கிரீஸ் காய்ந்து கருங்கல்லாகியிருந்தது. ஸ்டீயரிங் மூட்டிலும் அதே கதை. பின்தண்டின் மூட்டில் மட்டும் கிரீஸ் புதிதாக, பொன்னிறமாக, பிதுங்கி நின்றது.

கிரீஸ் ஏற்றும் நிப்பிளின் மேல் ஒரு சிறு கம்பளிப் பஞ்சு.

ஹம்தியின் பழக்கம் அது. நிப்பிளைத் துடைக்கத் துணி தேடமாட்டான். அங்கியின் ஓரத்திலிருந்து ஒரு நுனி ரோமத்தைப் பிய்த்துத் துடைத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுவான். அவன் அங்கி கறுப்பு. இந்தப் பஞ்சு பழுப்பு. திஜானி அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனார். தறியில் கிட்டத்தட்ட முடிந்து நின்ற துணியும் பழுப்பு. அதன் கீழ் ஓரம் அங்கங்கே பிய்ந்திருந்தது.

இவள்தான் செய்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையும் வந்தது, கொஞ்சம் நிம்மதியும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, கொட்டகைக்குப் போனாயா, பின்தண்டுக்குக் கிரீஸ் வைத்தாயா என்று மெதுவாகக் கேட்டார்.

மப்ரூகா சீப்பை நிறுத்தாமல் சொன்னாள்: "எனக்கென்ன தெரியும் அந்த வேலை? அவன்தான் நெய்ய நெய்யப் பிச்சுக்கிட்டுப் போறான். எத்தனை தடவை திட்டினாலும் கேக்கறதில்ல."

"யாரு?"

அவள் இன்னொரு இழையைக் கோத்து இறுக்கினாள். "குளிருதாம் அவனுக்கு. பழசைத்தான் நாம அறுத்து எடுத்துட்டோமே," என்றாள்.

மறுநாள் கைரவானிலிருந்து மெக்கானிக் மொன்ஜி வந்தான். வெள்ளைத் தாடி வைத்த எவரையும் ஹாஜியாராக்கிவிடுவான். திஜானி மக்கா பக்கம் போனதேயில்லை என்பது அவனுக்கும் தெரியும். "டீசல் இன்ஜின் கேக்கறது மூணே மூணுதான் ஹாஜியாரே. எண்ணெய், காத்து, அழுத்தம். எங்க வீட்டுக்காரி கேக்கறதைப் பாத்தா இது தங்கமான பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே டீசல் பம்பைக் கழற்றினான். உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது. அதைக் கோணியில் சுற்றி, பேட்டரியையும் சார்ஜ் ஏற்ற எடுத்துக்கொண்டான். பம்ப் தன்னிடம் இருக்கும்வரை அது வண்டியே இல்லை, இரும்புக் கட்டில் என்றான்.

கிளம்பும்போது பின்தண்டை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தான். சத்தமே இல்லாமல் சுழன்றது. "இது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு..." என்று ஆரம்பித்தவன், எந்தத் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறைக்க, கையைக் கால்சட்டையில் துடைத்தபடி கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அந்தி மங்கியது. பனி வாசல்படி வரை ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. திஜானி மக்ரிப் தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். கணப்புச் சட்டியில் தேநீர் கொதித்துச் சுண்டி, அடிப்பிடித்த சர்க்கரையின் கசப்பு வாசம் வீடெல்லாம் பரவியபோதுதான், நெடுநேரமாக ஏதோ ஒன்று காதில் விழவில்லை என்று தோன்றியது. தறி. சீப்பு விழும் சத்தம் இல்லை.

உள்ளே ஓடினார். தறியில் துணி இல்லை. அறுத்த நூல்கள் மட்டும் வரிசையாகத் தொங்கி, காற்றே இல்லாத அறையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கீழே தைத்த ஊசி. மீந்த நூல்கண்டு.

அப்போது கேட்டது.

டக். டக். டக்டக்டக்.

மூன்று சிலிண்டர் இன்ஜின் குளிரில் கண் விழிக்கும் சத்தம். ஆயிரம் வண்டிகளுக்கு நடுவிலும் அவர் அடையாளம் சொல்லிவிடுவார். பம்ப் இல்லை. பேட்டரி இல்லை. ஓடுகிறது.

செருப்பில்லாமல் ஓடினார். "மப்ரூகா!" பனி வாயை அடைத்தது. வாசலில் கை தானாகக் கத்தரியைத் தேடி எடுத்தது. உள்ளே புகையே இல்லை. சிலந்தி வலை அறுபடவில்லை. ஈரக் கம்பளியின் வாசம் மட்டும் மூச்சு முட்டும் அளவுக்கு.

பின்தண்டு சுழன்றுகொண்டிருந்தது.

அதன் பக்கத்தில் மப்ரூகா நின்றாள். பழுப்புக் கஷாபியாவைத் தோள்பட்டையில் பிடித்து விரித்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மாட்டிவிடுவதுபோல் நீட்டிக்கொண்டிருந்தாள். அங்கியின் வலது கை நிறைந்தது. இடது கை நிறைந்தது. முதுகு புடைத்தது. தலைமூடி தானாக நிமிர்ந்தது. அதற்குள் இருட்டு.

"ஹம்தி," என்றார் திஜானி. "வேணாம்பா. கழட்டிடு. தண்டு ஓடுது."

தலைமூடி அவர் பக்கம் திரும்பியது. ஒரு கணம் அப்படியே நின்றது. மகன்தான். அவன் நிற்கும் விதம்தான், இடது தோள் சற்றுச் சாய்ந்து. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் அவருக்குத் தோன்றியது. அதற்குள் அது அன்றைக்குச் செய்ததையே செய்தது.

குனிந்தது.

ஓரம் பட்டது. சுற்றியது.

அவர் பாய்ந்து குமிழை இழுத்தார். அது ஏற்கெனவே வெளியே இழுபட்டுத்தான் இருந்தது. கத்தரியை மடிப்பில் கொடுத்து இரண்டு கையாலும் அழுத்தினார். வெட்டவில்லை. இன்னொரு தரம். இரட்டை முறுக்கல்ல. மூன்று. நான்கு. ஒரு வருடம் உட்கார்ந்து நெய்த துணி. கத்தரியின் வாய் வளைந்தது.

"விட்டுடு மப்ரூகா. அது அவன் இல்ல. விடு."

அவள் கை கஷாபியாவின் கைக்குள் முழங்கை வரை போயிருந்தது. அவள் கத்தவில்லை. முகம் துளிகூடக் கோணவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதில் அமைதி இருந்தது.

"போன தடவை விட்டுட்டேன், திஜானி. கையைக் கெட்டியாப் புடிச்சிருக்கான் பாரு."

தண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. துணி இறுகி, கைப்பகுதி பின்னுக்கு ஏறியது. மனைவியின் மெலிந்த மணிக்கட்டு வெளியே தெரிந்தது. அதை ஐந்து விரல்கள் பற்றியிருந்தன. நகக்கண் வரை பொன்னிறக் கிரீஸ். தண்டு மறுபடி சுற்றியது. அந்த விரல்கள் விடவில்லை. அவளும் விடவில்லை. கம்பளி கிழியவும் இல்லை.